பங்கு வைத்த காமிக்ஸ்

என் அண்ணனுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்கிற செய்தி, ஒரு காமிக்ஸ் விஷயமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

மேலகரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. ஆனி மாதத்து மத்தியானம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டிப் போயினவே தவிர, கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. அப்போதுதான் அண்ணன் மகள் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளை அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தவன் நான். அதையெல்லாம் அந்தப் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எங்கே பார்த்தாலும் வாய் நிறைய சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

துப்பட்டா நுனியைப் பிழிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். வலது கண் ஏற்கெனவே போய்விட்டதாம். இடது கண்ணைக் காப்பாற்றத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

“ஒங்ககிட்ட பாதி காமிக்ஸ் இருக்காம்லா சித்தப்பா, அந்த வெளக்குக்காரன் கதை. கண்ணு இருக்கும்போதே ஒருதடவ முழுசாப் படிச்சிரணுமாம். ஒங்களக் கொண்டாரச் சொல்லுதாங்க.”

நானும் அண்ணனும் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருஷம் கழித்து ஒருத்தன் ஆள் விட்டுக் கேட்கிறான், அதுவும் காமிக்ஸ் புத்தகம்! முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பல்பு எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொண்டுவருகிறேன் என்று சொல் என்று, முதுகைக் காட்டியபடியே அவளிடம் சொன்னேன்.

எங்கள் அப்பா பொம்மை வியாபாரி. தென்காசி கடைத்தெருவில் ஒரு ஃபேன்ஸி கடை. சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஏலத்தில் இடம் எடுத்து ஒரு பொம்மைக் கடை போடுவார். ஊதல், பம்பரம், தண்ணீர்த் துப்பாக்கி, சாவி கொடுத்தால் ஓடுகிற குரங்கு, இப்படிப் பிளாஸ்டிக் சாமான்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணனும் நானும் பஸ் ஏறி அங்கே போய்விட வேண்டும். அண்ணன் வியாபாரத்தில் கெட்டிக்காரன். அழுகிற பிள்ளை முன்னால் ஒரு பம்பரத்தைச் சுற்றிவிட்டு, பெற்றவர்கள் தாங்களாகவே பைக்குள் கை விடும் வரைக்கும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பான். நான் எதற்கும் லாயக்கில்லை என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து நான் காமிக்ஸ் படிப்பேன். கூட்டம் குறைந்ததும் அண்ணனும் வந்து, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு படிப்பான். நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவன் படித்து முடித்துவிட்டு, சீக்கிரம் புரட்டுலே என்று தொடையில் கிள்ளுவான்.

மாதம் ஒன்று வரும். தென்காசி பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டி வாழ்கிற வீரர்களின் கதை அது. அவர்களுடைய தலைவனுக்கு நெற்றியில் ஒரு விளக்கு பொருத்தியிருக்கும். சிவப்பு ஒளி அடித்தால் பாறை உருகும், பச்சை அடித்தால் வழி தெரியும், வெள்ளை அடித்தால் எதிரிக்குக் கண் கூசி மயக்கம் போட்டு விழுவான். அவனுக்கு வாய்க்குள் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று உண்டு. எங்களுக்கு அவன் விளக்குக்காரன். தமிழில் வந்த புத்தகம் மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கும், ஆகவே மூன்று ஒளியும் ஒரே ஒளியாகத்தான் தெரியும். அண்ணன் கிரேயானை எடுத்து, எந்தப் படத்தில் எந்த ஒளி என்று வசனத்தைப் படித்துப் பார்த்து வண்ணம் தீட்டுவான். கோடு தாண்டாது. என்னைத் தொட விடமாட்டான்.

அந்தக் கதைகளில் சில விஷயம் எங்களுக்குப் பிடிபடாது. மாதத்துக்கு ஒரு புது ஆள் வந்து சேருவான். வந்ததும் சண்டைக்கு நடுவில் நின்று, தன் பேர் என்ன, முதுகில் இருக்கிற இயந்திரம் என்னென்ன செய்யும் என்று எதிராளிக்கு விலாவாரியாகச் சொல்லுவான். எதிராளியும் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பான். போன மாதம் வரை ஓட்டிய வண்டியை விளக்குக்காரன் இந்த மாதம் ஓட்டமாட்டான், புதிதாக ஒன்று நிற்கும். அது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “சம்பளம் கூடியிருக்கும்லே” என்றான் அண்ணன். யாரும் சாகவே மாட்டேன் என்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறேன். நல்லவனும் சரி கெட்டவனும் சரி, மலையே மேலே விழுந்தாலும் அடுத்த மாதம் தூசியைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் பதில் ஒரு சீசனில் எங்கள் கடைப் பலகைக்கே வந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பம், அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடை முன்னால் நின்றது. கூட இருந்த பையனுக்குத் தண்ணீர்த் துப்பாக்கி வேண்டும். அடித்துப் பார்ப்பதற்காக, கையில் இருந்த ஒரு பொம்மையைப் பலகையில் வைத்தான். அண்ணன் அதைக் கையில் எடுத்தான். ஒரு வாழைக்காய் அளவு இருந்தது. அதே மூக்கு, அதே தாடை, நெற்றியில் விளக்கு. முதுகில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் விளக்கு மினுக்கென்று எரிந்தது, டார்ச்சில் பாட்டரி தீரப்போகும்போது எரியுமே, அப்படி. பொத்தானுக்குக் கீழே திருகாணி. உள்ளங்காலில் இங்கிலீஷ் எழுத்து. அப்பாவும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பையனுடைய தகப்பனார் ஷார்ஜாவில் வாங்கியது என்றார். இந்த மோல்டு நம்ம பக்கம் வராது என்று வியாபாரிக்கு உரிய மரியாதையோடு சொல்லி, அப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். என்ன என்று நான் இடித்துக்கொண்டே இருந்தேன். மேலகரம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான். “அவன் நம்ம கடையில தொங்க வேண்டியவம்லே” என்றான். அவ்வளவுதான். அவனுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அந்த வயசில் பஸ்ஸில் வைத்து அழ முடியாது, ஆகையால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜலதோஷம் என்றான்.

பிற்பாடு எல்லாம் விளங்கியது. முதலில் பொம்மையைச் செய்வார்களாம். அது விற்க வேண்டும் என்பதற்காகக் கதையை எழுதுவார்களாம். மாதத்துக்கு ஒரு புது ஆள் வந்தது புதுச் சரக்கு வந்ததால். சண்டைக்கு நடுவில் இயந்திரத்தின் பெருமையைச் சொன்னது, அண்ணன் பம்பரத்தைச் சுற்றிக் காட்டிய மாதிரி. சரக்கு இருக்கும்போது ஆளைச் சாகடிக்க எந்த வியாபாரி சம்மதிப்பான்? எங்கள் ஊருக்கு விளம்பரம் மட்டும் வந்தது, சரக்கு வரவே இல்லை. பொம்மைக் கடைக்காரன் பிள்ளைகள் நாங்கள், அதைப் பொம்மை என்றே தெரியாமல் நெஞ்சில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? கடைசியில் கதை வந்த அந்த வெளிநாட்டிலும் பொம்மை விற்காமல் போயிற்று போலிருக்கிறது. விளக்குக்காரன் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்போது, தொடரும் என்று போட்ட பிறகு, கதை வரவே இல்லை. அண்ணன் பல மாதம் பெட்டிக்கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். பொம்மை என்று தெரிந்த பிறகும் போய்க் கேட்டான், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். தாய்மாமா வந்து நடுவில் உட்கார்ந்தார். நியாயஸ்தர், ஒரு பக்கம் சாயமாட்டார், அதுதான் வந்த வினை. தென்காசிக் கடை அண்ணனுக்கு, மேலகரத்து வீடு எனக்கு. பித்தளைச் சாமான் ஆளுக்குப் பாதி, பாய் தலையணை ஆளுக்குப் பாதி. எல்லாம் முடிந்தபோது மூலையில் ஒரு தகரப் பெட்டி மிச்சம் இருந்தது. திறந்தால் காமிக்ஸ். மாமாவுக்கு அதில் ஒன்றும் தெரியாது. இதுவும் பொதுச் சொத்துதானே என்று எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டுப் போடுகிற மாதிரி, ஒன்று உனக்கு, ஒன்று உனக்கு என்று இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டே வந்தார்.

பெட்டியில் அண்ணன் மாத வரிசை பிசகாமல் அடுக்கி வைத்திருந்தான். ஆகவே ஒரு கதையின் முதல் பாகம் அவன் பக்கம் போயிற்று, இரண்டாம் பாகம் என் பக்கம் வந்தது, மூன்றாம் பாகம் மறுபடி அவனுக்கு. ஒரு கதைகூட ஒருத்தனிடம் முழுசாக வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். எனக்கு வேண்டாம், எல்லாம் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும். ஆனால் பாகம் பிரிக்கிற இடத்தில் ஒருத்தன் ஒன்றை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக என்ன கேட்பானோ என்றுதான் மற்றவன் பார்ப்பான். மதினி ஒரு பக்கம் நிற்கிறாள், என் வீட்டுக்காரி ஒரு பக்கம் நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டு அவரவர் அடுக்கை எடுத்துக்கொண்டோம்.

சண்டை அதற்கு அப்புறம் வந்தது. அப்பா பேர் போட்ட கடைப் பலகையை அண்ணன் கழற்றிவிட்டு, வேறு பேரில் புதுப் பலகை மாட்டினான். நான் கடைத்தெருவில் நின்று ஒரு வார்த்தை சொன்னேன், அவன் ஒரு வார்த்தை சொன்னான். நடுவில் இருந்தவர்கள் இரண்டை நாலாக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதலில் அவன் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன், அவன் வரட்டும் என்று அவன் இருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று மைல் தூரம்தான். எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச்சு நின்றுபோன வீட்டுக்குச் சும்மா போக முடியாது. ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு நோய்நொடி, ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் போனால் எதற்கு வந்தான் என்று கேட்டுவிடுவார்களோ என்று கால் கூசும்.

இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அண்ணன் மகள் அந்தப் பக்கம் போனதும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பரணில் ஏறித் தகரப் பெட்டியை இறக்கினேன். திறந்தால் அடியிலிருந்து கரையான் புற்று வைத்திருக்கிறது. மேலே நாலைந்து புத்தகம்தான் உருப்படியாக இருந்தது. கீழே உள்ளதை எடுத்தால் மண்ணாக உதிர்ந்தது. ஒரு தாளில் அண்ணன் தீட்டிய பச்சை மட்டும் தெரிந்தது, படம் இல்லை. பரணுக்கு மருந்து அடிக்கவில்லை என்று வீட்டுக்காரியைப் பிடித்துக் கத்தினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள், அண்ணன்தானே என்றாள். கேட்டதே புத்தகம்தான், கரையான் தின்ற குப்பையைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டச் சொல்கிறாயா என்று அதற்கும் எரிந்து விழுந்தேன். இருபது வருஷம் கழித்து ஒன்றே ஒன்று கேட்கிறான், அதைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கவில்லை என்று அவன் நினைத்துவிடக் கூடாது. எப்பாடு பட்டாவது, கண் இருக்கும்போதே, முழுசாக அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நினைப்புதான் எனக்கு.

அப்புறம் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சம் நஞ்சம் இல்லை. பழைய காமிக்ஸை எல்லாம் இப்போது பளபளவென்று மறுபடி போடுகிறார்களே என்று ஒரு பதிப்பாளருக்குப் போன் அடித்தேன். இது பொம்மைக் கம்பெனிக்குச் சொந்தமான கதை ஐயா, அந்தக் கம்பெனியை இன்னொருத்தன் வாங்கிவிட்டான், அவனிடமிருந்து வேறொருத்தன் வாங்கிவிட்டான், யாரிடம் போய் அனுமதி கேட்பது என்றே தெரியவில்லை என்றார். வாட்ஸப்பில் காமிக்ஸ் ரசிகர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். என் வயசுக்காரர்கள்தான் எல்லாரும். பேரன் பேத்தி எடுத்தவர்கள், அட்டைப் படத்தைப் போட்டுவிட்டு ஆஹா ஓஹோ என்று உருகுகிறார்கள். உங்களிடம் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் ஒரு பயல் பதில் போடுவதில்லை. கடைசியில் ஒருத்தர் வந்தார். சுரண்டையில் விதைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி.

அவரிடம் விளக்குக்காரன் வரிசை, வந்த வரைக்கும் முழுசாக இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், கூடவே ஒரு அந்துருண்டை. தரவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்திய பிறகு வாருங்கள், என் கண் முன்னாலேயே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போனதும் கையைக் கழுவச் சொன்னார். துடைத்து உலர்ந்ததா என்று பார்த்தார். பிறகு இரண்டு பேரும் பச்சைப் பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி இரண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். புத்தகத்தின் முதுகு மடிந்துவிடும் என்று இயந்திரத்தின் மூடியை அமுக்க விடமாட்டார். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் எடுத்தால் புத்தகத்துக்கு ஆகாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரியம் ஆக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டுவேன்.

பாதி முடிந்த பிறகுதான் இது யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த புத்தகத்தை விரித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பார்வை மங்குகிற மனிதருக்கு இந்தப் பொடி எழுத்து எப்படித் தெரியும், பெரிய தாளில் பெரிதாக்கி எடுத்தால் அல்லவா படிக்க முடியும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அது சரியென்று பட்டது. அதுவரை எடுத்ததை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, மறுபடி முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினோம். ஆடி போய் ஆவணி வந்துவிட்டது.

மேலகரத்திலிருந்து சுரண்டைக்குப் போக வேண்டுமானால் தென்காசியில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் அண்ணன் வீடு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகும்போது அங்கே நின்றேன், வரும்போது அங்கே நின்றேன். ஒருநாள் சாயங்காலம் பஸ் வர நேரமாயிற்று. அந்தத் தெரு முனை வரைக்கும் நடந்தேன். அவன் வீட்டு வாசலில் லைட் எரிந்தது. உள்ளே யாரோ டிவி பார்க்கிற சத்தம். பைக்குள் அப்போது பாதிக் கதைதான் இருந்தது. இதைக் கொண்டுபோய் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நடுவில் அண்ணன் மகள் போன் செய்வாள். ஒருதடவை, கிடைத்தவரைக்கும் கொண்டுவரச் சொல்கிறார் அப்பா என்றாள். அரைகுறைக் கதை எதற்கு, அதுதான் இருபது வருஷமாக அவனிடம் இருக்கிறதே, முழுசாகக் கொண்டுவருகிறேன், கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றேன். இன்னொரு தடவை, ஊசி கேட்கவில்லை, கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று சொன்னாள். விதைக்கடை அண்ணாச்சியிடம் ஓடிப்போய், இந்த ஒரு வாரம் மட்டும் நாலு புத்தகம் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, எடுத்தேன். புரட்டாசிக் கடைசியில் அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

“வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும் சித்தப்பா, வந்தது அவனாட்டீன்னு கேக்குதாங்க.”

அவனுக்கு அந்தக் கதையின் மேல் எவ்வளவு ஆசை பார் என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். இன்னும் இரண்டு புத்தகம்தான் பாக்கி, அடுத்த ஞாயிறு முடிந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். அந்த ஞாயிறு விதைக்கடை அண்ணாச்சி ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டார். அதற்கு அடுத்த ஞாயிறுதான் முடிந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் போனேன். பெரிய தாள்களைக் கதைவாரியாகத் தைத்து, கனமான பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். மதினிதான் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். நான் மனசில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆள் அவன் இல்லை. பக்கத்து ஸ்டூலில் அவன் பங்குக் காமிக்ஸ், தூசி தட்டித் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தது.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் கிடைத்துவிட்டது அண்ணே, ஒன்று விடவில்லை, பெரிசாகப் போட்டிருக்கிறேன், எழுத்தெல்லாம் நல்லாத் தெரியும், குகைக் கதை இருக்கிறது, ஏரிக்குள் வண்டி முங்குகிற கதை இருக்கிறது என்று, நிறுத்தத் தெரியாமல், சாமான் விற்க வந்தவன் மாதிரி பேசினேன். இருபது வருஷம் கழித்து என் அண்ணனிடம் நான் பேசிய முதல் பேச்சு ஜெராக்ஸைப் பற்றி.

அவன் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் என் பக்கம் இல்லை, சத்தம் வந்த பக்கம் உத்தேசமாகத் திரும்பியிருந்தது.

“புஸ்தகம் கெடக்கட்டும்லே. நீ இங்கன வா, வெளிச்சத்துக்கு.”

காற்றில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தான். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவனுக்கு நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாதாம், ஓரத்தில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். கோழி பார்க்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு இன்னொரு பக்கம் சாய்த்து, என்னைப் பார்த்தான். மூச்சு என் கன்னத்தில் பட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனியிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். கடையைச் சாத்திவிட்டு அந்த மத்தியானமே வந்திருக்கலாம்.

“ஆனி மாசம் நல்லாத் தெரிஞ்சுதுலே” என்றான். குறையாகச் சொல்லவில்லை. யாரோ சினிமாவுக்கு நேரம் தப்பி வந்தவனிடம் சொல்கிற மாதிரி சொன்னான்.

அவன் கட்டைவிரல் என் புருவத்தின் மேல் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

“அப்படியேதாம்லே இருக்க. ஒரு முடிகூட நரைக்கல.”

எனக்கு உச்சி வழுக்கை விழுந்து பத்து வருஷம் ஆகிறது. சுற்றியிருக்கிற கொஞ்ச முடியும் மீசையும் பஞ்சாக வெளுத்துவிட்டன.

“ஆமாண்ணே” என்றேன்.